உங்க தாத்தா உழைச்சாரு, சரி. பத்திரம் யார் பேர்ல இருந்துச்சு?

சனிக்கிழமை ராத்திரியில இருந்து மனசு ஆறல. அதான் எழுதுறேன்.

நண்பர் வீட்டுல விருந்து. சிகாகோவுக்கு மேற்கால, நம்ம ஊர்க்காரங்க நெறைய இருக்கிற புறநகர். ஆளுக்கு ஒண்ணு சமைச்சு எடுத்துட்டுப் போற மாதிரி ஏற்பாடு. (நான் எலுமிச்சை சாதம். வத்தக்குழம்பு கொண்டுவந்த அக்காவுக்கு இங்கயும் ஒரு நன்றி சொல்லிடுறேன், அப்படி ஒரு ருசி.) பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெரியவரும் வந்திருந்தாரு. எழுபது வயசு இருக்கும். தங்கமான மனுஷன். பனி கொட்டினா தன் வாசலோட சேர்த்து நண்பர் வீட்டு வாசலையும் வழிச்சு விடுவாராம்.

பேச்சு எங்கெங்கயோ சுத்தி காலேஜ் அட்மிஷன்ல வந்து நின்னுச்சு. 2023ல சுப்ரீம் கோர்ட் இனத்தைக் கணக்குல எடுத்து இடம் கொடுக்கக் கூடாதுன்னு தீர்ப்பு சொல்லுச்சே, அது. அங்க இருந்து நேரா வைட் ப்ரிவிலேஜ், அதான் வெள்ளையரா பிறந்ததாலயே கிடைக்கிற சலுகை.

பெரியவர் தட்டைக் கீழ வச்சுட்டார்.

"எங்க தாத்தா போலந்துல இருந்து வந்து இந்த ஊர் இறைச்சி ஃபாக்டரியில ரத்தத்துல நின்னு வேலை பார்த்தவர். எங்க அப்பா போருக்குப் போனாரு, திரும்பி வந்து ரெண்டு வேலை பார்த்தாரு, அரசாங்கக் கடன்ல ஒரு சின்ன வீடு வாங்கினாரு, எங்களைப் படிக்க வச்சாரு. எங்களுக்கு யாரும் எதையும் சும்மா தூக்கிக் கொடுக்கல."

சொல்லும்போது அவருக்குக் குரல் லேசா தழுதழுத்துச்சு. அதுல பொய் ஒண்ணும் இல்ல.

எனக்குக் கோபம் வந்தது அவர் மேல இல்லங்க. அதுக்கு அடுத்து நம்ம அண்ணன் ஒருத்தர் பேசினாரு பாருங்க, அதுக்கு.

"கரெக்டா சொன்னீங்க! நாங்க மட்டும் என்ன? ரெண்டு சூட்கேஸோட வந்து இறங்கினோம். எவன் தூக்கி விட்டான்? உழைச்சோம், வந்தோம். உழைக்க மாட்டேங்கிறவங்கதான் நிறத்தைச் சொல்லிப் புலம்பிட்டு இருக்காங்க."

சுத்தி இருந்தவங்க எல்லாரும் தலையாட்டினாங்க. நான் ஆரம்பிச்சேன், "அண்ணே, அப்படி இல்ல..." அதுக்குள்ள பாயசம் வந்துருச்சு. "நீ ரொம்ப படிக்கிற தங்கச்சி"ன்னு சிரிச்சுட்டுப் போயிட்டாரு.

அங்க சொல்ல முடியாததை இங்க சொல்றேன்.

முதல்ல என் தொழிலைச் சொல்லிடுறேன், அப்பதான் நான் ஏன் இதைப் பிடிச்சுத் தொங்குறேன்னு புரியும். வீட்டுக்கடன் கொடுக்கிற கம்பெனிகளுக்கான சாஃப்ட்வேர்ல பல வருஷமா வேலை பார்க்கிறேன். முன்பணம், வட்டி, தவணை, மதிப்பீடு, பத்திரப் பதிவு. நாள் முழுக்க இதான். அதனால பெரியவர் பேசினப்ப என் காதுல விழுந்தது ஒரே ஒரு வார்த்தை.

அரசாங்கக் கடன்.

மத்தது எல்லாம் உழைப்பு. ரெண்டு வேலை, ரத்தம், வேர்வை, எல்லாம் உண்மை. இந்த ஒண்ணு மட்டும் வேற.

1930கள் வரைக்கும் அமெரிக்காவுல சாதாரண ஆளு வீடு வாங்குறது லேசான காரியம் இல்ல. வீட்டு விலையில பாதியை முன்பணமா கேட்பாங்க. மீதியை அஞ்சு, பத்து வருஷத்துல அடைக்கணும். கடைசித் தவணை மலை மாதிரி வந்து நிக்கும். 1934ல மத்திய அரசு எஃப்.எச்.ஏ.ன்னு ஒரு அமைப்பைக் கொண்டுவந்துச்சு. "நீ கடன் கொடு, திரும்ப வரலன்னா நான் பொறுப்பு"ன்னு வங்கிகளுக்கு உத்தரவாதம். அவ்வளவுதான், உலகமே மாறிப்போச்சு. முன்பணம் குறைஞ்சது, தவணைக்காலம் இருபது வருஷத்தைத் தாண்டிச்சு, மாசச் சம்பளக்காரன் வீட்டுக்காரன் ஆனான். இன்னைக்கு நாம வாங்குற முப்பது வருஷக் கடனுக்கும் அதான் வேர்.

ஆனா அந்த உத்தரவாதம் எந்த வீட்டுக்குக் கிடைக்கும்னு ஒரு கையேடு போட்டாங்க. வேற இனத்தவர் குடியேறக்கூடிய பகுதின்னா மதிப்பைக் குறைன்னு அதுல இருந்துச்சு. இந்த இடத்தைக் கறுப்பர்களுக்கு விக்க மாட்டோம்னு பத்திரத்துலயே ஷரத்து எழுதி வைக்கிறது நல்லதுன்னு பரிந்துரையும் இருந்துச்சு. அதே காலத்துல எச்.ஓ.எல்.சி.ன்னு இன்னொரு அரசு நிறுவனம் ஊர் ஊரா வரைபடம் போட்டுச்சு. நல்ல பகுதிக்குப் பச்சை, அடுத்தது நீலம், அதுக்கடுத்து மஞ்சள், ஆபத்தான பகுதிக்குச் சிவப்பு. கறுப்பர்கள் இருக்கிற தெரு அநேகமா சிவப்புதான். அந்தத் தெருவுல டாக்டர் இருந்தாலும் சரி, வாத்தியார் இருந்தாலும் சரி.

(அந்த வரைபடங்களை எல்லாம் ரிச்மண்ட் பல்கலைக்கழகம் இணையத்துல ஏத்தி வச்சிருக்கு. நீங்க அமெரிக்காவுல பெரிய ஊர் எதுலயாவது இருந்தா போய் உங்க தெருவைத் தேடிப் பாருங்க. நான் ஒரு முழு ஞாயித்துக்கிழமையை அதுல தொலைச்சிருக்கேன்.)

அப்புறம் 1944. ரெண்டாம் உலகப் போர்ல இருந்து திரும்புற வீரர்களுக்கு ஜி.ஐ. பில்னு ஒரு சட்டம். படிப்புச் செலவு, தொழிற்பயிற்சி, முன்பணமே இல்லாம வீட்டுக்கடன். அருமையான சட்டம். அமெரிக்காவோட நடுத்தர வர்க்கத்தைத் தூக்கி நிறுத்தினதுல பெரிய பங்கு அதுக்கு உண்டு.

சட்டத்துல எங்கயும் நிறம் எழுதல. ஆனா அதை நடத்துற பொறுப்பு உள்ளூர் அலுவலகங்கள் கையிலயும், கடன் கொடுக்கிற பொறுப்பு உள்ளூர் வங்கிகள் கையிலயும் இருந்துச்சு. மிசிசிப்பி மாநிலத்துல 13 நகரங்கள்ல 1947ல எடுத்த கணக்கு ஒண்ணு இருக்கு. இந்தத் திட்டத்துல உத்தரவாதம் கிடைச்ச கடன்கள் 3,229. அதுல கறுப்பின வீரர்களுக்குக் கிடைச்சது 2.

இருநூறு இல்ல. ரெண்டு.

அதே வருஷம் நியூயார்க் பக்கத்துல லாங் ஐலண்டுல லெவிட்டவுன்னு ஒரு குடியிருப்பு எழும்ப ஆரம்பிச்சுது. உருளைக்கிழங்கு வயல்ல 17,000 வீட்டுக்கு மேல. 1949 வாக்குல ஒரு வீடு 7,990 டாலர். போர் வீரர்னா முன்பணம் வேண்டாம், மாசம் 60 டாலருக்குப் பக்கத்துல கட்டினா போதும். ஆரம்பத்துல போட்ட ஒப்பந்தத்துல வெள்ளையர் தவிர வேற யாரும் குடியிருக்கக் கூடாதுன்னு பச்சையா ஷரத்து இருந்துச்சு. வீட்டு வேலைக்காரங்களா மட்டும் இருந்துக்கலாமாம். அதையும் எழுதியே வச்சிருந்தாங்க.

இன்னைக்கு அந்த லெவிட்டவுன் வீடு ஒண்ணு 5 லட்சம் டாலருக்கு மேல போகுது.

இப்ப க்ளைட் ராஸ் கதைக்கு வரேன். எழுத்தாளர் டா-நெஹிசி கோட்ஸ் 2014ல எழுதின ஒரு நீண்ட கட்டுரை மூலமா நாடே தெரிஞ்சுக்கிட்ட மனிதர். எனக்கு இந்த விவாதம் முழுக்க இந்த ஒரு ஆளோட வாழ்க்கையில இருக்குன்னு தோணும்.

மிசிசிப்பியில கிளார்க்ஸ்டேல் பக்கம் பிறந்தவர். குடும்பத்துக்கு 40 ஏக்கர் நிலம், மாடு, பன்னி, கோவேறு கழுதை எல்லாம் இருந்துச்சு. பாருங்க, கூலிக்குடும்பம் கூட இல்ல, நிலம் வச்சிருந்த குடும்பம். வரி பாக்கி 3,000 டாலர்னு அதிகாரிகள் வந்து நின்னாங்க. அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வக்கீல் வைக்க வழியில்ல. நிலம் போச்சு, மாடு போச்சு, எல்லாம் போச்சு. குடும்பம் அடுத்தவன் நிலத்துல குத்தகை வாரத்துக்கு உழ ஆரம்பிச்சுது. சின்னப் பையன் க்ளைடுக்குன்னு ஒரு குதிரை இருந்துச்சு. அதையும் ஒரு நாள் வெள்ளைக்காரங்க சிலர் வந்து 17 டாலரைக் கொடுத்துட்டுப் பிடிச்சுட்டுப் போனாங்க.

பையன் வளர்ந்தான். ராணுவத்துக்குப் போனான். பெரியவரோட அப்பா போன அதே போர். 1947ல சிகாகோ வந்து சேர்ந்தாரு. சூப் தயாரிக்கிற கம்பெனியில நிரந்தர வேலை, கல்யாணம், பிள்ளைங்க. 1961ல அந்த ஊர்லயே நார்த் லாண்டேல்ங்கிற பகுதியில ஒரு வீடு வாங்கினாரு. விலை 27,500 டாலர்.

அந்த வீட்டை வித்த ஆளு, ஆறு மாசம் முன்னாடிதான் 12,000 டாலருக்கு அதை வாங்கியிருந்தாரு.

ஏன் ராஸ் போய் வங்கியில கடன் வாங்கல? கேள்வி சரிதான். பதில் மேல இருக்கு. அந்தப் பகுதிக்குக் கடனும் கிடையாது, உத்தரவாதமும் கிடையாது. அதனால கறுப்பர்களுக்கு இருந்த ஒரே வழி, "கான்ட்ராக்ட்"ல வாங்குறது. அது என்னன்னா, தவணை நீங்க கட்டணும், ரிப்பேர் நீங்க பார்க்கணும், வரி நீங்க கட்டணும். கிரயப் பத்திரம் மட்டும் கடைசித் தவணை வரைக்கும் வித்தவர் பேர்ல இருக்கும். நடுவுல ஒரு தவணை தவறினாலும் முன்பணம், அதுவரைக்கும் கட்டின பணம், வீடு, மூணும் போச்சு. அடுத்த வாரமே அந்த வீட்டை இன்னொரு குடும்பத்துக்கு அதே மாதிரி விக்கலாம். வித்தாங்க.

(வீட்டுக்கடன் வேலை பார்க்கிறவளா சொல்றேன். இதை முதல்தடவை படிச்சப்ப எழுந்து போய் தண்ணி குடிச்சுட்டு வந்து மறுபடியும் படிச்சேன். வாடகைக்கு இருக்கிறவனோட அத்தனை நிச்சயமின்மையும் இருக்கும், சொந்த வீட்டுக்காரனோட அத்தனை செலவும் இருக்கும்.)

ராஸ் என்ன பண்ணாரு? உழைச்சாரு. சூப் கம்பெனி வேலையோட தபால் நிலையத்துல ரெண்டாவது வேலை. அது பத்தாம பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கிற மூணாவது வேலை. மனைவியும் வேலைக்குப் போனாங்க. பிள்ளைங்கள்ல சிலரைத் தனியார் பள்ளிக்கூடத்துல இருந்து நிறுத்த வேண்டி வந்துச்சு. அப்பாவுக்கு வீட்டுல இருந்து பாடம் சொல்லிக் கொடுக்கவும் நேரம் இல்ல.

இப்ப சொல்லுங்க அண்ணே. மூணு வேலை பார்த்த மனுஷனுக்கு உழைப்பு பத்தி நாம பாடம் எடுக்கப் போறோமா?

நான் சொல்ல வர்றது இதான். பெரியவரோட அப்பா ரெண்டு வேலை பார்த்தாரு. ராஸ் மூணு வேலை பார்த்தாரு. ரெண்டு பேரும் ஒரே போர், ஒரே ஊர். ஒருத்தர் உழைச்சது மாசாமாசம் அவர் பேர்ல சொத்தா சேர்ந்துச்சு. இன்னொருத்தர் உழைச்சது மாசாமாசம் அடுத்தவன் பைக்குப் போச்சு. ப்ரிவிலேஜுங்கிற பேச்சை எடுத்தாலே "அப்ப நாங்க உழைக்கலன்றியா?"ன்னு சண்டைக்கு வர்றாங்களே, அங்கதான் விவாதம் தடம் மாறுது. உழைப்பை யாரும் மறுக்கல. உழைச்சது உழைச்சவன் கையிலயே நின்னுச்சா, பிள்ளைக்குப் போச்சா, அதைத்தான் கேட்கிறோம்.

நார்த் லாண்டேல்காரங்க சும்மா இருக்கல. 1968ல ஒண்ணு சேர்ந்து கான்ட்ராக்ட் பையர்ஸ் லீக்னு சங்கம் வச்சு தவணை கட்ட மாட்டோம்னு போராடினாங்க, ராஸும் அதுல இருந்தாரு. சில குடும்பங்களுக்கு ஒப்பந்தம் மாத்தி எழுதிக் கிடைச்சுது. ஆனா கோர்ட்ல தோத்தாங்க. வீடு விக்கிறதுல இனம் பார்க்கக் கூடாதுன்னு சட்டம் வந்ததே 1968 ஏப்ரல்ல, மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டு ஒரு வாரம் கழிச்சு.

2022ல ஃபெடரல் ரிசர்வ் எடுத்த கணக்குப்படி நடுமட்டத்துல இருக்கிற வெள்ளைக் குடும்பத்தோட சொத்து சுமார் 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்தோடது சுமார் 45,000. ஆறுல ஒரு பங்கு. சம்பள வித்தியாசம் இவ்வளவு கிடையாது. சொத்துங்கிறது ஒரு தலைமுறைக் கணக்கு இல்லையே, தாத்தா வாங்கின வீட்டோட விலையேத்தம் பேரனோட காலேஜ் ஃபீஸா வந்து நிக்குது.

"சரிம்மா, இதெல்லாம் பழங்கதை. இப்ப என்ன தடை?"

இதைக் கேட்கிறவங்களுக்கு நம்ம ஆளு ஒருத்தரோட ஆராய்ச்சியைச் சொல்லணும். செந்தில் முல்லைநாதன். தமிழ்நாட்டுல பிறந்து சின்ன வயசுல அமெரிக்கா வந்த பொருளாதார அறிஞர். அவரும் மரியான் பெர்ட்ராண்டும் சேர்ந்து பாஸ்டன்லயும் சிகாகோவுலயும் வேலை விளம்பரங்களுக்குச் சுமார் 5,000 விண்ணப்பங்களை அனுப்பினாங்க. எல்லாம் கற்பனை ஆளுங்க. தகுதி, அனுபவம் எல்லாத்தையும் சமமா வச்சு, பேரை மட்டும் மாத்தினாங்க. ஒரு பக்கம் எமிலி, கிரெக். இன்னொரு பக்கம் லகீஷா, ஜமால். 2004ல முடிவை வெளியிட்டாங்க. வெள்ளைக்காரப் பேருக்கு ஐம்பது சதவீதம் அதிகமா அழைப்பு வந்துச்சு.

அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி டேவா பேஜர்னு ஒரு சமூகவியலாளர் மில்வாக்கி நகரத்துல நிஜ இளைஞர்களையே வேலை கேட்க அனுப்பிப் பார்த்த ஆராய்ச்சியை வெளியிட்டாங்க. சிறைக்குப் போய் வந்ததா சொன்ன வெள்ளைப் பையனுக்கு 17 சதவீத இடங்கள்ல திரும்ப அழைப்பு. எந்தக் குற்றப் பின்னணியும் இல்லாத கறுப்புப் பையனுக்கு 14.

ஜெயிலுக்குப் போன வெள்ளைப் பையன், போகாத கறுப்புப் பையனை முந்திட்டான். இதுல அந்தக் கறுப்புப் பையன் இன்னும் என்ன உழைக்கணும், சொல்லுங்க.

குடும்பம்தான் காரணம்னு சொல்றவங்களுக்கும் ஒரு பதில் இருக்கு. பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியோட குழுவினர் 2018ல கோடிக்கணக்கான பேரோட வருமான விவரத்தை வச்சு பார்த்தாங்க. ஒரே மாதிரி வருமானம் உள்ள குடும்பத்துல, ஒரே பகுதியில வளர்ந்த பையன்களையே ஒப்பிட்டாலும், கிட்டத்தட்ட எல்லாப் பகுதியிலயும் கறுப்புப் பையன்கள் பெரியவங்களானப்ப குறைவாத்தான் சம்பாதிச்சாங்க. பொண்ணுங்ககிட்ட அந்த வித்தியாசம் அநேகமா இல்ல. ஒரே வீட்டுல வளர்ற அண்ணன் தங்கச்சி. குடும்பத்து வளர்ப்புதான் காரணம்னா தங்கச்சியையும் அது இழுத்திருக்கணுமே?

இப்ப மறுபக்கம். இதையும் மனசார சொல்றேன்.

வைட் ப்ரிவிலேஜ்ங்கிற பேச்சைப் பரவலாக்கினவங்க பெகி மெக்கின்டாஷ். வெல்லெஸ்லி கல்லூரி. 1988ல தன்னோட அன்றாட வாழ்க்கையில தனக்குத் தெரியாமலே கிடைக்கிற வசதிகளை ஒவ்வொண்ணா எழுதிப் பார்த்தாங்க. கடையில யாரும் பின்னாடியே வர்றதில்ல, இந்த மாதிரி. ஒரு மனுஷி தன்னைத் தானே கேட்டுக்கிட்ட கேள்வி அது. நேர்மையான காரியம்.

அதுவே பின்னாடி ஆபீஸ் பயிற்சிக் கூடத்துல அடுத்தவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா மாறினப்பதான் எனக்குப் பிடிக்காம போச்சு. நான் முன்னாடி வேலை பார்த்த இடத்துல ஒரு பயிற்சி. எல்லாரையும் வரிசையா நிக்க வச்சு, "இது உங்களுக்கு இருந்ததுன்னா ஒரு அடி முன்னாடி வாங்க"ன்னு ஒவ்வொண்ணா வாசிச்சாங்க. என் கூட இருந்தவர் கென்டக்கி மலைப்பகுதிக்காரர். அப்பாவைப் போதை மாத்திரைப் பழக்கத்துக்குப் பறிகொடுத்து, பாட்டி வளர்த்த பிள்ளை. வீட்டுல புஸ்தகம் இருந்துச்சா, அப்பா அம்மா காலேஜ் போனாங்களான்னு கேட்கக் கேட்க அவர் பின்னாலயே நின்னாரு. கடைசியில பயிற்சி கொடுத்தவங்க எல்லாரையும் உட்கார வச்சு, வெள்ளையரா பிறந்தவங்க அத்தனை பேரும் தங்களுக்குக் கிடைச்சதைப் பத்தி யோசிக்கணும்னு பேசினாங்க. அவர் முகம் போன போக்கு எனக்கு மறக்காது. அந்த மனுஷன் முன்னாடி எமிலி, லகீஷா ஆராய்ச்சியை வைக்கலாம். "நீ சொகுசா வளர்ந்தவன்"னு வைக்கக் கூடாது.

மேற்கு வர்ஜீனியா நிலக்கரிச் சுரங்கக்காரங்க கதை தெரியுமா உங்களுக்கு? கூலியை டாலரா கொடுக்காம கம்பெனி அடிச்ச டோக்கனா கொடுப்பாங்க. அது கம்பெனிக் கடையில மட்டும்தான் செல்லும். வீடும் கம்பெனி வீடு. வேலை போனா வீடும் போச்சு. 1921ல பிளேர் மலையில பத்தாயிரம் பேர் அளவுக்குத் துப்பாக்கி எடுத்துட்டுச் சண்டைக்கே போனாங்க. பெரும்பாலும் வெள்ளையர், கூடவே கறுப்பரும். உழைச்சது கையில நிக்காத வெள்ளைக்காரங்க இவங்க. இவங்க பேரப்பிள்ளைங்க ஊர்கள்லதான் இப்ப மாத்திரையும் சாராயமும் தற்கொலையும் உயிரை வாரிக்கிட்டுப் போகுது. ஆன் கேஸ், ஆங்கஸ் டீட்டன்னு ரெண்டு பொருளாதார அறிஞர்கள் 2015ல இதை எண்ணிக்கையோட எடுத்து வச்சாங்க. நடுவயசு வெள்ளை அமெரிக்கரோட சாவு விகிதம் குறையறதுக்குப் பதிலா ஏறிட்டு இருந்துச்சு.

கறுப்பின அறிஞர் டு பாய்ஸ் 1935லயே இதைப் பிடிச்சுட்டாரு. ஏழை வெள்ளைத் தொழிலாளிக்குக் கூலி குறைவு, ஆனா கூலியோட சேர்த்து ஒரு மரியாதையையும் கொடுத்து வச்சிருக்காங்கன்னு எழுதினாரு. பூங்காவுல நுழையலாம், போலீஸ் நம்ம ஆளு, கோர்ட்ல கொஞ்சம் இரக்கம் கிடைக்கும். கறுப்புத் தொழிலாளியோட கைகோக்காம இருக்கிறதுக்கான விலை அது. எவ்வளவு கூர்மையான மனுஷன் பாருங்க! ப்ரிவிலேஜ் இருந்தும் வயிறு காயலாம்னு அன்னைக்கே சொல்லிட்டாரு.

ஆராய்ச்சிகளும் அந்தக் கென்டக்கிக்காரர் பக்கம் நியாயம் இருக்குன்னுதான் சொல்லுது. ப்ரிவிலேஜ் பத்திச் சொன்னதும் வெள்ளைக்காரங்க "நான் எவ்வளவு கஷ்டப்பட்டேன் தெரியுமா"ன்னு தங்களோட கஷ்டத்தைக் கூடுதலா சொல்ல ஆரம்பிக்கிறாங்கன்னு 2015ல ஃபிலிப்ஸ், லவரின்னு ரெண்டு பேர் காட்டினாங்க. 2019ல எரின் கூலி குழு இன்னொண்ணு கண்டுபிடிச்சுது. ப்ரிவிலேஜ் பத்திப் படிச்ச முற்போக்காளர்களுக்குக் கறுப்பு ஏழைகள் மேல இரக்கம் கூடல. வெள்ளை ஏழைகள் மேல இருந்த இரக்கம்தான் குறைஞ்சுது.

இதுல என்ன லாபம்? யாருக்கு லாபம்?

அதனாலதான் ஆளோட மனசைக் குடையறதை விட்டுட்டு சட்டத்தையும் கடனையும் பத்திரத்தையும் பேசுவோம்ங்கிறேன். பெரியவர்கிட்ட "உங்களுக்குச் சலுகை"ன்னா அவருக்குத் தாத்தா நின்ன ரத்தம் ஞாபகம் வரும். வரணும்தான். அந்தப் போலிஷ்காரங்களை அன்னைக்கு இங்க யாரும் தாம்பாளத்துல வச்சு வரவேற்கல. 1924ல அவங்க வரவையே ஒடுக்கிச் சட்டம் போட்டாங்க. "உங்க அப்பாவுக்குக் கிடைச்ச கடன் ஏன் ராஸுக்குக் கிடைக்கல?"ன்னு கேட்டா, அவர் யோசிப்பாருன்னு நம்புறேன். அடுத்தவன் வாசல்ல பனி வழிக்கிறவர் அவர்.

இனி நம்ம அண்ணன்.

அண்ணே, 1915ல வைஷ்ணோ தாஸ் பகாய்னு ஒருத்தர் மனைவி பிள்ளைங்களோட சான் பிரான்சிஸ்கோ வந்தாரு. உங்களை மாதிரியேதான். உழைச்சாரு, கடை வச்சாரு, 1921ல குடியுரிமையும் வாங்கினாரு. 1923ல பகத் சிங் திண்ட் வழக்குல சுப்ரீம் கோர்ட், இந்தியர்கள் வெள்ளையர் இல்ல, குடியுரிமைக்குத் தகுதி இல்லன்னு சொல்லிடுச்சு. (1790 சட்டப்படி "சுதந்திரமான வெள்ளையர்"தான் குடிமகன் ஆகலாம். திண்ட் அமெரிக்க ராணுவத்துலயே இருந்தவர். தான் உயர்சாதி ஆரியன், அதனால வெள்ளையன்தான்னு வாதாடினாரு. கதவை எல்லாருக்கும் திறங்கன்னு கேட்கல, என்னை மட்டும் உள்ள விடுங்கன்னு கேட்டாரு. இதை நான் அடிக்கடி நினைச்சுக்குவேன்.) பகாயோட குடியுரிமையைப் பறிச்சாங்க. குடியுரிமைக்குத் தகுதி இல்லாத வெளிநாட்டவர் நிலம் வச்சுக்கக் கூடாதுன்னு கலிபோர்னியாவுல சட்டம் இருந்ததால சொத்தையும் கடையையும் விட வேண்டி வந்துச்சு. 1928ல தற்கொலை பண்ணிக்கிட்டாரு.

அவர் உழைக்கலையா அண்ணே?

நாம வந்து இறங்க மட்டும் எப்படிக் கதவு திறந்துச்சு? 1965. தேசத்தைப் பார்த்து ஆளை வடிகட்டுற முறையை எடுத்த குடியேற்றச் சட்டம் வந்த வருஷம். அதே வருஷம்தான் கறுப்பர்கள் அலபாமாவுல செல்மாங்கிற ஊர்ல ஊர்வலம் போய் அடி வாங்கி ஓட்டுரிமைச் சட்டத்தை வாங்கினாங்க. ஒரே நாடாளுமன்றம், ஒரே காத்து. அவங்க தலையில விழுந்த தடியடிதான் நம்ம விசாவுக்கும் வழி விட்டுச்சு. நம்ம சூட்கேஸ் ரெண்டுக்கும் முன்னாடி அவங்க நடந்திருக்காங்க.

அப்புறம் அந்த சூட்கேஸ்ல என்ன இருந்துச்சுன்னும் பார்க்கணும். டிகிரி சர்டிபிகேட். அரசுக் கல்லூரியில, ஊர் ஜனங்க வரிப்பணத்துல, சொற்பமான ஃபீஸ் கட்டிப் படிச்சது. எங்க அப்பா கடன் வாங்கினாரு, அம்மா வளையலை அடகு வச்சாங்க, அதையெல்லாம் நான் மறக்கல, மறக்கவும் மாட்டேன். ஆனா எங்க தெருவுல அதே வயசுல, அதே அளவு புத்தியோட, பள்ளிக்கூட வாசலோட நின்னுபோன பிள்ளைங்களும் இருந்தாங்க. அவங்க அம்மாக்களும் உழைச்சாங்க, அடகு வைக்க வளையல்தான் இல்ல. (அஜந்தா சுப்ரமணியன் சென்னை ஐ.ஐ.டி.யை வச்சு 2019ல "தி காஸ்ட் ஆஃப் மெரிட்"னு ஒரு புத்தகமே எழுதியிருக்காங்க. சாதி எப்படித் திறமைங்கிற பேர்ல உலவுதுன்னு. அண்ணனுக்குப் பிறந்தநாள் பரிசா கொடுக்கலாம்னு இருக்கேன். நிஜமாத்தான் சொல்றேன்.)

சரி, இப்ப என்னதான் பண்ணணும்ங்கிற?

எங்க வீட்டுல இருந்து வண்டியில போற தூரத்துல எவன்ஸ்டன்னு ஒரு ஊர். அங்க 2021 மார்ச்ல நகர மன்றம் ஒரு தீர்மானம் போட்டுச்சு. 1919ல இருந்து 1969 வரைக்கும் அந்த ஊர்ல வாழ்ந்து வீட்டு விஷயத்துல பாகுபாட்டுக்கு ஆளான கறுப்பின மக்களுக்கும் அவங்க வாரிசுகளுக்கும் இழப்பீடா ஆளுக்கு 25,000 டாலர். வீடு வாங்க முன்பணம், ரிப்பேர், இல்லன்னா கடன் அடைக்க. அமெரிக்காவுல ஒரு நகராட்சி இப்படிப் பண்ணினது அதான் முதல்தடவை. பணம் எங்க இருந்து? கஞ்சா விற்பனை வரியில இருந்து. (இலினாய்ஸ்ல அதைச் சட்டப்படியே விக்கிறாங்க.) முதல்ல 16 பேருக்குக் கிடைச்சுது. எதிர்த்து ஓட்டுப் போட்ட ஒரே உறுப்பினரும் ஒரு கறுப்பினப் பெண்தான். இது வெறும் வீட்டுத்திட்டம், இழப்பீடுன்னு பேர் வைக்காதீங்க, ஜனங்களே முடிவு பண்ற மாதிரி கையில கொடுங்கன்னாங்க. அந்த வாதத்துலயும் எனக்கு உடன்பாடு உண்டு. 2023ல ரொக்கமா வாங்கிக்கிற வழியும் வந்துச்சு. 2024ல இனம் பார்த்துக் கொடுக்கிறது சட்டவிரோதம்னு வழக்கும் போட்டுட்டாங்க.

25,000 டாலர், ராஸ் மாதிரி ஒருத்தர் இழந்ததுக்கு ஈடாகாது. தெரியும். ஆனா இதுல ஒரு கணக்கு இருக்கு பாருங்க. எந்த ஊர், எந்த வருஷம், எந்தத் தப்பு, யாருக்கு நடந்துச்சு, எல்லாம் தெளிவா இருக்கு. யாரையும் வரிசையில நிக்க வச்சு முன்னாடி வா, பின்னாடி போன்னு சொல்லல. நான் இதை ஆதரிக்கிறேன். என் ஊர் நகர மன்றத்துலயும் இப்படி ஒண்ணு வந்தா, கூட்டத்துக்குப் போய் மைக்கைப் பிடிச்சு மூணு நிமிஷம் இதைப் பேசுவேன். பாயசம் வந்தாலும் நிறுத்த மாட்டேன்.